கருவிலேயே ஆட்டிசத்தைத் தேடுவோரிடம் சில கேள்விகள்



முதல் பிள்ளைக்கு ஆட்டிசம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்ட வீடுகளில், அடுத்த கரு தரித்ததும் ஒரு கேள்வி எழுகிறது. "வயிற்றில் இருப்பதற்கும் அது இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் ஏதும் உண்டா?" உத்திரமேரூரிலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் நாம் சந்தித்த குடும்பங்களில் இக்கேள்வியைத் தாய் கேட்டது குறைவு. மாமியார் கேட்டார். நாத்தனார் கேட்டார். வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் கணவர் கேட்டார். தாய் பெரும்பாலும் தலை கவிழ்ந்து அமர்ந்திருந்தார்.

கேள்விக்கான மருத்துவ விடை சிறியது: இல்லை. ஆட்டிசம் என்பது இரத்தத்தில் அளந்து பார்க்கும் பொருளன்று. ஸ்கேன் படத்தில் தெரியும் உறுப்புக் குறையும் அன்று. குழந்தை பிறந்து ஒன்றரை, இரண்டு வயதாகும்போது, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறதா, கண்ணோடு கண் பார்க்கிறதா, பேச்சு வருகிறதா என்று அதன் நடத்தையைக் கவனித்தே கண்டறிகிறார்கள். 11 முதல் 14 வாரங்களுக்குள் எடுக்கப்படும் என்.டி. ஸ்கேனும் டபுள் மார்க்கர் பரிசோதனையும் டவுன் சின்ட்ரோம் போன்ற சில குரோமோசோம் மாறுபாடுகளுக்கான வாய்ப்பைக் கணிப்பவை. 18 முதல் 20 வாரங்களில் எடுக்கப்படும் அனாமலி ஸ்கேன் இதயம், முதுகுத்தண்டு, சிறுநீரகம் முதலிய உறுப்புகளின் அமைப்பைப் பார்ப்பது. இவற்றில் எதுவும் ஆட்டிசத்தைக் காட்டாது. காட்டும் என்று எவரேனும் சொல்லிப் பணம் கேட்டால், அவர் அறியாதவர் அல்லது ஏமாற்றுபவர்.

இத்துடன் கட்டுரையை முடித்துவிடலாம் என்றால் முடியவில்லை. ஏனெனில், இல்லாத பரிசோதனையைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து கொண்டிருக்கிறார்கள்.

தாயின் இரத்தத்தில் கருவின் மரபணுத் துணுக்குகள் கலந்திருப்பதை டென்னிஸ் லோ குழுவினர் 1997-இல் கண்டறிந்தனர். 2011-இல் அது வணிகப் பரிசோதனையாக வந்தது. டவுன் சின்ட்ரோமைக் கணிப்பதில் அது நல்ல கருவி என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வணிகம் அங்கே நிற்கவில்லை. கூடுதல் தொகை கொடுத்தால் குரோமோசோமில் விட்டுப்போன நுண்ணிய துண்டுகளையும் பார்க்கிறோம் என்றார்கள். அவற்றுள் சில, மனவளர்ச்சித் தாமதத்தோடும் ஆட்டிசத்தோடும் தொடர்புடையவை. 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அமெரிக்காவில் விற்கப்படும் இத்தகைய அரிய குறைபாட்டுப் பரிசோதனைகளை ஆராய்ந்து, "இருக்கிறது" என்று வரும் முடிவுகளில் ஏறத்தாழ 85 விழுக்காடு தவறானவை என்று வெளியிட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் அந்நாட்டின் உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே பொதுமக்களை எச்சரித்தது.

இது எப்படி நேர்கிறது என்பதை ஒரு கணக்காகச் சொல்வோம். ஐயாயிரம் கருவில் ஒன்றுக்கு மட்டுமே வரும் ஒரு குறைபாடு என்று வைத்துக் கொள்ளுங்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை சரியாகச் சொல்லும் பரிசோதனை ஒன்று இருப்பதாகவும் வைத்துக் கொள்ளுங்கள். ஐயாயிரம் பெண்கள் இரத்தம் கொடுத்தால், உண்மையில் குறைபாடுள்ள ஒரு கருவோடு, நலமாயிருக்கும் ஏறத்தாழ ஐம்பது கருக்களுக்கும் "இருக்கிறது" என்று தாள் வரும். அந்த ஐம்பது தாய்மாரும் அடுத்த சில வாரங்களை எப்படிக் கழிப்பர்? விளம்பரத்தில் "99% துல்லியம்" என்பது மட்டுமே பெரிய எழுத்தில் இருக்கும்.

பனிக்குட நீரை எடுத்துச் செய்யும் நுண்வரிசைப் பரிசோதனை இதைவிடத் துல்லியமானது. அதிலும் ஒரு முட்டு உண்டு. 16-ஆம் குரோமோசோமில் ஒரு குறிப்பிட்ட துண்டு விடுபட்டிருப்பது ஆட்டிசத்தோடு தொடர்புடையது என்று அறிந்திருக்கிறார்கள். ஆயினும் அத்துண்டு விடுபட்டும் ஆட்டிசம் இல்லாதோர் இருக்கிறார்கள். ஆட்டிசம் உள்ளோரில் மிகப் பலருக்கு அத்துண்டு அப்படியே இருக்கிறது. ஆக, பரிசோதனை சொல்வது ஒரு வாய்ப்பை மட்டும். அந்த வாய்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் உயிரின் மீது தீர்ப்பெழுதச் சொல்கிறார்கள். 2023-இன் இறுதியில், சோதனைக்குழாயில் உருவான கருக்களின் முழு மரபணுவையும் படித்து, ஆட்டிசம் உள்ளிட்டவற்றின் மரபணு அபாயத்தைச் சொல்லும் சேவையை அமெரிக்க நிறுவனம் ஒன்று விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. அங்கே விற்பது சென்னைக்கு வர நெடுங்காலம் ஆவதில்லை. சென்னைக்கு வந்தது செங்கல்பட்டுக்கும் காஞ்சிபுரத்துக்கும் வர இன்னும் குறைந்த காலமே போதும்.

எல்லாக் கருக்காலப் பரிசோதனையும் தவறு என்று நாம் சொல்வதாக எவரும் திரித்துவிட வேண்டாம். ஹீமோகுளோபின் பாருங்கள், சர்க்கரை பாருங்கள், தைராய்டு பாருங்கள். தலசீமியா மரபு குடும்பத்தில் இருந்தால் திருமணத்துக்கு முன்பே இருவரும் இரத்தம் கொடுத்துப் பாருங்கள். குழந்தையின் இதயத்தில் கோளாறு என்று முன்கூட்டித் தெரிந்தால், பிரசவத்தை வசதியுள்ள மருத்துவமனையில் வைத்துக்கொண்டு உயிரைக் காக்கலாம். பிள்ளையை வரவேற்க ஆயத்தமாவதற்காகப் பார்ப்பது ஒரு வகை. பிள்ளையைத் திருப்பியனுப்பலாமா என்று முடிவு செய்வதற்காகப் பார்ப்பது வேறு வகை. ஆட்டிசத்தைப் பொறுத்தவரை கருவிலிருக்கும்போதே செய்யக்கூடிய மருத்துவம் எதுவும் இன்று இல்லை. அப்படியானால் கருவிலேயே அதைத் தேடுவது எதற்காக? இக்கேள்விக்கு நேரான விடையை எந்தப் பரிசோதனை நிலையத்தின் விளம்பரத்திலும் நாம் காணவில்லை.

உத்திரமேரூர்க்காரர்களுக்குத் தகுதிப் பட்டியல் புதிதன்று. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இன்றும் நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவந்து காட்டுகிறார்கள். 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள், சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி என்று வாரிய உறுப்பினர் ஆவதற்கான தகுதிகளையும், கணக்குக் காட்டாதோர் முதலானவர்களின் தகுதியின்மையையும் வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். அத்தகுதிகளில் பலவற்றை இன்று ஏற்க இயலாது என்றாலும், பொதுப்பணம் கையாளும் பதவிக்குத் தகுதி கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. பிறப்பதற்குத் தகுதி கேட்கும் வழக்கத்தை அந்தச் சபைகூடக் கல்லில் எழுதவில்லை.

அப்படி எழுதியவர்களும் வரலாற்றில் உண்டு. ஆட்டிசம் பற்றி முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர் வியன்னா நகரின் குழந்தை மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர். 1944-இல் அவர் எழுதிய ஆய்வு புகழ்பெற்றது. நாஜிகளிடமிருந்து குழந்தைகளைக் காத்தவர் என்றே நெடுங்காலம் அவர் போற்றப்பட்டார். 2018-இல் ஹெர்விக் செக் என்ற வரலாற்றாய்வாளர் பழைய ஆவணங்களைத் திறந்து, ஆஸ்பெர்கர் சில குழந்தைகளை அம் ஷ்பீகல்குருண்ட் என்ற நிலையத்துக்கு அனுப்பிவைத்ததைக் காட்டினார். அந்நிலையத்தில் இறந்த குழந்தைகள் ஏறத்தாழ 800 பேர். கூர்மையான அறிவுள்ள பிள்ளைகளைப் பாராட்டிய அதே பேனா, "பயனற்றவர்கள்" எனக் கருதப்பட்டோரின் அனுப்பாணையிலும் கையெழுத்திட்டது.

ஆகவேதான், இவ்விவாதத்தில் அடிக்கடி கேட்கும் ஒரு வாதத்தை நாம் ஏற்பதில்லை. 2009-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஆய்வொன்றையொட்டி, கருவிலேயே ஆட்டிசத்தைக் கண்டறிவது பற்றிய பேச்சு பிரிட்டனில் எழுந்தபோது, அத்துறையின் அறிஞர் சைமன் பாரன்-கோஹன், அப்படிச் செய்தால் கணிதத் திறன் மிக்கோரை உலகம் இழக்க நேரலாமே என்று கேட்டார். நல்லெண்ணத்தோடு கேட்டதுதான். ஆனால் எண்ணிப் பாருங்கள். கணக்கு வராத பிள்ளையை என்ன செய்வது? பதினைந்து வயதிலும் ஒரு சொல் பேசாத, உடை மாற்றிவிடத் தாயின் கை தேவைப்படும் பிள்ளையை எந்தத் திறனைக் காட்டிக் காப்பாற்றுவது? திறனை விலையாக வைத்து உயிருக்கு வாதாடினால், விலை இல்லாதோரை நாமே விட்டுக்கொடுத்தவர்கள் ஆகிறோம். அல்லாஹ்வின் வேதம் பிள்ளையின் மதிப்பை அதன் பயனில் வைக்கவில்லை. மக்காவின் தலைவர்களோடு நபி (ஸல்) அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது இடையில் வந்த பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பொருட்டு ஓர் அத்தியாயமே இறங்கியது (சூரா 80). புத்தியில் சிறிது மாற்றமுள்ள ஒரு பெண் தமக்குத் தேவை இருக்கிறது என்று வந்தபோது, எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நின்று பேசலாம் என்று சொல்லி அவருடன் சென்று, அவர் பேசி முடிக்கும்வரை நபியவர்கள் நின்றதை அனஸ் (ரலி) வழியாக முஸ்லிம் நூலில் காண்கிறோம். அப்பெண்ணிடம் என்ன திறமை இருந்தது என்று ஹதீஸ் சொல்லவில்லை.

இனி ஃபிக்ஹு. இதில் சொல்ல நிறைய இருக்கிறது. நம் மேடைகளில் பாதியை மட்டுமே சொல்கிறார்கள்.

கருவுக்கு 120 நாட்களில் ரூஹு ஊதப்படுகிறது என்பதை இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸிலிருந்து உலமாக்கள் எடுக்கிறார்கள். அதன்பின் கருவைக் கலைப்பது, தாயின் உயிருக்கு ஆபத்து என்ற நிலை தவிர, கூடாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். அதற்கு முன் என்ன என்பதில் மத்ஹபுகளிடையேயும் ஒரே மத்ஹபுக்குள்ளேயும் வேறுபாடு உண்டு. ஹனஃபி அறிஞர்களில் சிலர் தக்க காரணம் இருப்பின் அனுமதித்தனர். ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தொடக்க நிலையிலிருந்தே அதைக் குற்றமாகக் கண்டார். கரு வளர வளரக் குற்றமும் வளர்கிறது என்றார். 1990 பிப்ரவரியில் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹு மன்றம், 120 நாட்களுக்கு முன், நம்பத்தகுந்த மருத்துவர் குழு கருவில் கடுமையான, மருத்துவத்தால் தீர்க்க இயலாத உருக்குலைவு இருப்பதை உறுதி செய்து, பெற்றோரும் கேட்டால், கலைக்க அனுமதி உண்டு என்று முடிவெடுத்தது. மூளையே உருவாகாத கருவைச் சுமக்கும் ஒரு தாயிடம் "ஹராம்" என்ற ஒரு சொல்லை வீசிவிட்டுப் போகிறவர்கள் இம்முடிவைப் படித்திருக்க வேண்டும்.

ஆனால் அந்த அனுமதியின் நிபந்தனைகளைப் பாருங்கள். உறுதி வேண்டும், ஆட்டிசத்தில் இருப்பது வெறும் வாய்ப்பு. கடுமையான உருக்குலைவு வேண்டும்; ஆட்டிசமோ, பிறர் உதவியின்றி வாழ இயலாதோர் முதல் கல்லூரியில் பாடம் நடத்துவோர் வரை விரிந்து கிடப்பது. அந்த ஃபத்வாவை இதற்கு இழுத்துக்கொண்டு வருவது சரியன்று.

நாட்கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. மருத்துவர் சொல்லும் வாரங்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணப்படுபவை. கரு தரிப்பது அதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து. ஆகவே ஹதீஸின் 120 நாட்கள் என்பது மருத்துவக் கணக்கில் ஏறத்தாழ 19 வாரம். பனிக்குட நீரை 15 வாரத்துக்கு முன் பொதுவாக எடுப்பதில்லை. முடிவு வரச் சில வாரங்கள் ஆகும். அனாமலி ஸ்கேன் 18 முதல் 20 வாரத்தில். அதாவது, பெரும்பாலான முடிவுகள் கையில் கிடைக்கும்போது அந்த எல்லை நெருங்கிவிட்டிருக்கும், அல்லது கடந்துவிட்டிருக்கும்.

நாட்டின் சட்டம் வேறு கணக்கில் நிற்கிறது. 1971-ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் 20 வாரத்தை எல்லையாக வைத்திருந்தது. 2017 பிப்ரவரியில், டவுன் சின்ட்ரோம் உள்ள 26 வாரக் கருவைக் கலைக்க அனுமதி கேட்ட மும்பைப் பெண் ஒருவரின் மனுவை உச்ச நீதிமன்றம் மறுத்தது. 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது. சில பிரிவினருக்கு 24 வாரம் வரை. மருத்துவ வாரியம் "கணிசமான குறைபாடு" என்று சொன்னால் வார எல்லையே இல்லை. கணிசமானது எது என்று சட்டம் வரையறுக்கவில்லை. இன்று வாரியங்கள் எந்தக் குறைபாட்டை மனத்தில் வைத்து அமர்கின்றனவோ, நாளை விற்பனைக்கு வரும் பரிசோதனைகள் அந்தப் பட்டியலை நீட்டும். இதே நாட்டில், ஆட்டிசம் உள்ளோரின் நலனுக்கென 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டமும், ஆட்டிசத்தைச் சேர்த்து 21 வகை மாற்றுத்திறன்களைப் பட்டியலிட்டு உரிமைகள் வழங்கும் 2016-ஆம் ஆண்டுச் சட்டமும் நடைமுறையில் இருக்கின்றன. சட்டத்தில் எதுவும் இருக்கட்டும். ஒரு முஃமினுக்கு, சட்டம் அனுமதித்தது எல்லாம் மறுமையில் விடையாகிவிடாது.

இவ்வளவும் எழுதிய பிறகு, பெற்றோரை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் வெளியேறினால் அது அநியாயம். அந்த மாமியாரின் கேள்விக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் கொடுமை அன்று, அச்சம். அந்த அச்சத்தை ஊட்டி வளர்த்தது யார்? நாமே, நம் ஜமாஅத்துகளே.

வறுமைக்குப் பயந்து பிள்ளைகளைக் கொல்லாதீர்கள் என்று குர்ஆன் இரண்டு இடங்களில் தடுக்கிறது. ஏற்கெனவே இருக்கும் வறுமையைப் பேசும் இடத்தில் (6:151), உங்களுக்கும் அவர்களுக்கும் உணவளிப்போம் என்ற கருத்து வருகிறது. வரப்போகும் வறுமையின் அச்சத்தைப் பேசும் இடத்தில் (17:31) வரிசை மாறி, அவர்கள் முதலாகவும் பெற்றோர் பின்னாகவும் வருகிறார்கள். நாளையைப் பற்றிய அச்சத்துக்கு அளிக்கப்பட்ட விடை அது. அந்த விடையை மிம்பரில் ஓதும் ஜமாஅத்தே, தன் பைத்துல்மாலிலிருந்து ஆட்டிசப் பிள்ளையின் பேச்சுப் பயிற்சிக்கு ஒரு ரூபாய் கொடுத்ததுண்டா? மக்தபில் அப்பிள்ளையைச் சேர்த்ததுண்டா? "மற்றப் பிள்ளைகள் படிப்பு கெடுகிறது" என்று இரண்டாம் நாளே திருப்பியனுப்பிய மக்தபுகளை நாம் அறிவோம். ஜும்ஆவில் ஒரு சிறுவன் ஓசையெழுப்பியதற்காகத் தொழுகை முடிந்ததும் தந்தையைச் சூழ்ந்துகொண்டு பேசியவர்களையும் அறிவோம். அந்தத் தந்தை அதன்பின் பிள்ளையை அழைத்துவரவில்லை. அக்காவுக்கு வரன் பார்க்கும்போது தம்பியை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்திய வீடுகள் எத்தனை!

தாயின் மீது பழி போடுவது இன்னொரு பழக்கம். கர்ப்பத்தில் கிரகணத்தைப் பார்த்தாய், அழுதாய், மாத்திரை போட்டாய். 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபரே பாரசிட்டமால் மாத்திரையை ஆட்டிசத்தோடு சேர்த்துப் பேசியதிலிருந்து வாட்ஸ்அப்பில் இதற்குப் புது வலு. ஸ்வீடனில் 24 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2024-இல் வெளியான ஆய்வு, ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்து, அப்படியொரு தொடர்பு தென்படவில்லை என்றே சொன்னது. காய்ச்சலில் தவிக்கும் கர்ப்பிணியிடம் மருத்துவர் சொன்ன மாத்திரையைப் பிடுங்காதீர்கள்.

ஜின் பிடித்திருக்கிறது என்று தாயத்துக் கட்டுவோரும் உண்டு. அந்தப் பாதை எங்கே போய் முடியும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி காட்டியது. தர்காவையொட்டி நடத்தப்பட்ட தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட வழியின்றிக் கருகி இறந்தனர். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் உறவினர்களே. வீட்டில் வைத்துக்கொள்ள வழி தெரியாதவர்கள், ஊராரின் கண்ணுக்கு அஞ்சியவர்கள். பிறந்தவர்களை இப்படி வைத்திருந்த சமூகம், பிறக்கப்போவோருக்காக வாதாடும்போது நம் குரல் தடுமாறத்தான் செய்கிறது.

"எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?" என்பதே பெற்றோரின் உண்மையான கேள்வி. தவக்கல் வையுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போவது விடையாகாது. ஒட்டகத்தைக் கட்டும் வேலையும் இருக்கிறது.

பிள்ளைக்கு ஆறு வயதுவரை காத்திராமல், பேச்சு வரவில்லை என்றதும் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் அரசின் குழந்தை நலப் பரிசோதனைக் குழுவிடம் காட்டுங்கள். 2013-இல் தொடங்கிய அத்திட்டம் ஆட்டிசத்தையும் பார்க்கிறது. முட்டுக்காட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. செங்கல்பட்டு வழியே பேருந்து மாறிப் போக வேண்டும். ஒருநாள் கூலி போகும். ஜமாஅத் ஒரு வேன் ஏற்பாடு செய்தால் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து போய்வரலாம். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. அதற்குப் பதிவு செய்தவர்கள் நம் தெருக்களில் எத்தனை பேர்? பிள்ளைக்கு 18 வயதானதும் பெற்றோர் தாமாகவே சட்டப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் நிலைக் குழுவிடம் விண்ணப்பித்து ஆணை பெற வேண்டும். தங்களுக்குப் பின் அப்பொறுப்பை ஏற்கக்கூடியவர் யார் என்பதையும் அப்போதே குடும்பத்துக்குள் பேசி வைப்பது நல்லது.

மிக முக்கியமாக, வாரிசுரிமை. "அவனுக்கு எதற்குச் சொத்து, நாங்கள் சோறு போடுகிறோமே" என்று அண்ணன் தம்பிகள் கையெழுத்து வாங்கிக்கொள்வதை நாம் பார்த்திருக்கிறோம். ஷரீஅத்தில் அவனுடைய பங்கு முழுப் பங்கு. புத்திக் குறையால் ஒரு காசும் குறையாது. சொத்தை ஆளத் தெரியாதவர்களின் பொருளைப் பொறுப்பாளர் வைத்திருந்து, அதிலிருந்து அவர்களுக்கு உணவும் உடையும் அளித்து, அவர்களிடம் நல்ல சொல்லால் பேச வேண்டும் என்று சூரா நிஸா (4:5) சட்டமே வகுத்திருக்கிறது. பாகப்பிரிவினைக்குச் சாட்சியாக உட்காரும் முத்தவல்லிகளும் ஹஸ்ரத்மார்களும் அந்த ஒரு பங்கைத் தனியாக எழுதச் சொல்லிவிட்டு, எழுதிய பிறகே தங்கள் கையெழுத்தைப் போடட்டும். மஹல்லாவில் எத்தனை ஆட்டிசப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்ற கணக்கு எந்த ஜமாஅத் அலுவலகத்திலாவது இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தோம். திருமணப் பதிவேடு இருந்தது, சந்தாப் பதிவேடு இருந்தது, மையித்துப் பதிவேடு இருந்தது.